சிலிண்டருக்குத் தைத்த ஸ்வெட்டர்

போன வாரம், கேஸ் லைன் வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். ஒரு வால்வு சந்தேகம் கேட்டு முடித்துவிட்டுப் பேச்சோடு பேச்சாக, "இன்னிக்கு ரெண்டு ஃபேக்டரி சர்வீஸ் கால் இருக்குதுங்க அண்ணாச்சி. ஒரு வீட்டுக் காலும் கெடக்குது. அது வீடுதானுங்களே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை திட்டிவிட்டு போனை வைத்துவிட்டேன். பாவம், எதற்குத் திட்டு வாங்கினோம் என்றே அவருக்குப் புரிந்திருக்காது.

அவருக்கு நான் ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவருக்குச் சொல்வதை உங்கள் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன அதே வார்த்தையை, அதே அலட்சியத்தோடு, நான் சொல்லியிருக்கிறேன். அதன் பலனை அனுபவித்தது நான் அல்ல, ஒரு அம்மா.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து கேஸ் லைன் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். பனியன் கம்பெனிகளில் அயர்ன் டேபிளுக்கு ஆவி கொடுக்கும் பாய்லர்தான் நம் பிழைப்பு. பிறகு முதலாளிகளின் வீட்டுச் சமையலறை வந்தது. அதற்கும் பிறகு நீச்சல் குள ஹீட்டர் வந்தது. இந்த வெயிலூரில் குளத்துக்கு ஹீட்டரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கார்த்திகை, மார்கழிக் காலையில் ஒரு தடவை உள்ளே காலை விட்டுப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

நம் ஊரில் 'ஷிப்மெண்ட்' என்ற ஒரு சொல் போதும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன்கூட இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவான். நம் ஆபீஸ் போர்டிலும் அப்படித்தான். போன் கால் எடுத்து எழுதும் ஷீலா, கம்பெனி வேலைகளை மேலே எழுதுவார், வீட்டு வேலைகளை அடியில் எழுதுவார். அடியில் இருப்பவை சாயங்காலம் வரைக்கும் அடியிலேயே இருக்கும். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. நானும்தான்.

பல்லடம் போகும் வழியில் ஒரு வீடு. சென்னியப்பன் என்று பெயர், குளிர்நாடுகளுக்குப் போகும், கம்பளி போன்ற ஃபிளீஸ் துணி ஜாக்கெட் தைக்கும் கம்பெனி வைத்திருந்தார். அவர் மனைவி மரகதம் அம்மா. அந்தக் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் முழுவதும் அந்த அம்மாவின் கையில்தான் இருந்ததாம். ஒரு பீஸை வாங்கினால் தையல் விட்ட இடத்தில் போய் விரல் நிற்கும் என்பார்கள். ஒரு நாள் செக்கிங் டேபிள் பக்கத்திலேயே கால் மடங்கி விழுந்தார். பிறகு படியில் விழுந்தார். கோயம்புத்தூரில் காட்டினார்கள், வேலூரில் காட்டினார்கள். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வரும் நோய் என்றார்கள். மருந்து கிடையாது. போன பலம் திரும்பவும் வராது.

வெதுவெதுப்பான தண்ணீருக்குள் உடம்பின் கனம் தெரியாது, முடிகிற வரைக்கும் அதில் நடக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கார் ஷெட்டை இடித்துவிட்டுப் பதினைந்தடி நீளத்தில், மார்பளவு ஆழத்தில் ஒரு குளம் கட்டினார் சென்னியப்பன். ஹீட்டர் வைத்தார். அதற்கு கேஸ் லைன் போட்டுக் கொடுத்தது நாங்கள்தான். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அந்த அம்மாவின் தசை ஒரே நிமிடத்தில் கட்டையாகிவிடும், இறங்கவே முடியாது. ஆக, அந்தக் குளத்தில் ஒரு நாள் சூடு இல்லை என்றால் அவர் காலிலிருந்து ஒரு நாள் போய்விட்டது என்று அர்த்தம். இதை உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கும் முதலிலேயே சொல்லப்பட்டது.

கார்த்திகை மாதக் கடைசியில் முதல் சர்வீஸ் கால் வந்தது. காலை நேரத்தில் ஹீட்டர் கொஞ்சம் மந்தமாக எரிகிறது, தண்ணீர் சூடாக நேரமாகிறது என்று. போனேன். மரகதம் அம்மா குளத்தோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். நான் பையைக் கீழே வைப்பதற்குள்ளேயே பேச்சுக் கொடுத்தார்.

"தண்ணிக்கு வெளிய எனக்கு இந்த வண்டிதானுங்க அண்ணாச்சி. உள்ள எறங்குனா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பதினாலு நடை நடக்கறனுங்க. ஆரும் புடிக்கறதில்லீங்க. எம்பட காலுல நானே நடக்கறனுங்க."

"அப்படியாம்மா, நல்லது நல்லது" என்றேன். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அன்று காலை ஒரு கம்பெனியில் அயர்ன் டேபிள் எல்லாம் நின்றுபோய், கன்டெய்னர் வந்துவிடும் என்று ஐந்து தடவை போன் வந்திருந்தது. என் மனசு அங்கே இருந்தது.

சென்னியப்பன் என் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர், எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பவர். "ஏனுங்க அண்ணாச்சி, குளுருக்கு கேஸு கம்மியாகுமுங்களா?" என்றார்.

"ஆமாங்க, சிலிண்டர் குளிர்ந்துச்சுன்னா பிரஷர் எறங்கத்தான் செய்யும்" என்றேன்.

அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன், மறுபடியும் போன் அடித்தது. அந்த வாக்கியம் இதுதான்: 'அதனால சிலிண்டரைக் காத்தோட்டமா வையுங்க, கூட ரெண்டு சேத்துக்கோங்க.' அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். "வந்துட்டே இருக்கேன் சார், பத்து நிமிஷம்" என்று போனில் கத்திக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டேன்.

நான்கு நாளில் மறுபடியும் கால். இந்தத் தடவை ஹீட்டர் முக்கால் மணி நேரத்துக்குள் அணைந்துபோகிறதாம். போர்டில் அடியில் எழுதியிருந்ததால் மதியத்துக்கு மேல்தான் போனேன். கொடியில் நான்கு விநோதமான உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. கை கிடையாது. கழுத்தில் இழுபடும் ரிப் பட்டை வைத்து, முன்னால் ஜிப் வைத்துக் கனமான ஃபிளீஸ் துணியில் தைத்திருந்தது. என்ன இது என்று கேட்டேன். சென்னியப்பனுக்கு முகமெல்லாம் பெருமை.

"சிலிண்டருக்குத் தைச்சதுங்க. குளுந்தா பிரஷர் எறங்கும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அன்னிக்கே கம்பெனிக்குப் போயி நம்ம கட்டிங் மாஸ்டர உக்கார வெச்சு அளவெடுத்துத் தைச்சுப்போட்டனுங்க. ஐரோப்பாக்காரனுக்குப் போற துணி. பனி உள்ள போகாதுங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "சபாஷ்! எங்க ஊர்ல மனுசனுக்கே இப்படி ஒரு ஸ்வெட்டர் கெடையாது" என்றேன். துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிலிண்டரின் உடுப்பை எதற்குத் துவைக்கப் போகிறார்கள் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். யோசிக்கவில்லை. ஹீட்டரைப் போட்டேன். நீலமாக, கும்மென்று எரிந்தது. பிரஷர் கேஜில் முள் அசையவில்லை. பதினைந்து நிமிடம் பார்த்தேன். 'டெஸ்ட் ஓகே' என்று ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் தெருவைத் தாண்டியதும் என்ன நடக்கும் தெரியுமா? சென்னியப்பன் காய்ந்த ஸ்வெட்டர்களைக் கொண்டுவந்து நான்கு சிலிண்டருக்கும் பதமாக மாட்டி, ஜிப்பை மேலே இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஹீட்டரைப் போடுவார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இப்படியே நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் மதியம். நான்கு தடவையும் டெஸ்ட் ஓகே. ஹீட்டர் கம்பெனி ஆள் வந்து கேஸ்தான் பத்தவில்லை என்றார். கேஸ் நன்றாக வருகிறது, ஹீட்டர்தான் கோளாறு என்று நான் சொன்னேன். ரெகுலேட்டரை மாற்றினேன், குழாயை ஊதினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பேப்பரில் எங்கள் பக்கம் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். நடுவில் அந்தத் தண்ணீர் சில்லென்று கிடந்தது.

அந்த மனிதர் படாத பாடு பட்டார். சாயப்பட்டறை பாய்லரிலிருந்து டேங்கரில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றலாமா என்று கேட்டார். அந்தத் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் டாக்டர் தடுத்துவிட்டார். ரெகுலேட்டரை முழுசாகத் திருகிவிடட்டுமா, சிலிண்டர் மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றட்டுமா என்று என்னிடம் கேட்டார். "வீட்டோட போகணுமா உங்களுக்கு?" என்று கத்தினேன். அது சரியான கத்தல்தான், இப்போதும் அதையே கத்துவேன். ஆனால் கத்துவதற்கு இருந்த நேரம், அந்தச் சிலிண்டரை எரியும்போது ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்க எனக்கு இருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புது நம்பர்.

"அண்ணாச்சிங்களா? நான் மரகதம் பேசறனுங்க." குரல் மெதுவாக வந்தது, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைக்கிற மாதிரி. "அவரு உங்களப் போட்டு ரொம்பத் தொந்தரவு பண்டறாரு, மனசுல வெச்சுக்காதீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நீங்க வாறப்பல்லாம் அது நல்லா எரியுதுங்க. நான் எறங்கறப்பத்தான் எரியறதில்லீங்க. நாளைக்கு ஒருக்கா நான் எறங்கற நேரத்துக்கு வாங்க சாமி. ரிப்பேரு பண்டோணும்னு இல்லீங்க. நின்னு பாத்தாப் போதும்."

"சரிம்மா, வாரேன்" என்றேன்.

"பத்தொம்போது நாளாச்சுங்க நான் தண்ணியில எறங்கி. இன்னிக்குப் பாத்ரூமுல புடிச்சு நிறுத்துனாங்க. நிக்க முடியலீங்க. போன மாசம் நின்னனுங்க" என்றார். அழவில்லை. கம்பெனியில் ஒரு பீஸில் குறை சொல்வது போலத்தான் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கெல்லாம் அங்கே இருந்தேன். நல்ல பனி. ஸ்வெட்டர் போட்ட நான்கு சிலிண்டர்களும் தகரத்தால் அடைத்த சிலிண்டர் ஷெட்டுக்குள் வரிசையாக நின்றன. ஹீட்டரைப் போட்டோம். கும்மென்று எரிந்தது. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு கேஜ் முன்னால் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும், ஷீலா கூப்பிட்டார். "அண்ணாச்சி, எங்க இருக்கீங்க? காங்கயம் ரோட்டு கம்பெனியில லைன் மொத்தமும் நின்னுபோச்சாம். ஷிப்மெண்ட்டாம். உங்களத்தான் கேக்காங்க, மத்தவங்க ரெண்டு பேரும் ஊத்துக்குளியில இருக்காங்க." அவரும் எங்கள் பக்கத்துப் பெண்தான், பதற்றம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். நான் பதில் சொல்வதற்குள் அந்த கம்பெனி மேனேஜரே நேராக என் நம்பருக்கு வந்துவிட்டார்.

"வாசல்ல கன்டெய்னர் நிக்குதுங்க. எத்தன நிமிஷத்துல வருவீங்க?"

முப்பது வருடமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான். பத்து நிமிஷம். வாய் அதைச் சொல்லத் திறந்தேவிட்டது. அப்போது கேஜைப் பார்த்தேன். முள் அப்படியே நின்றது. போய்விட்டு வரலாம், இதுதான் நன்றாக எரிகிறதே என்று மனசு சொன்னது. எதிரே மரகதம் அம்மா நாற்காலியில் இருந்தார். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை இந்த போனையும் நான் ஓடுவதையும் பார்த்திருக்கிறார்! போகப் போகிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டது முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு மணி நேரம் ஆகும் சார்" என்றேன்.

"ரெண்டு மணி நேரமா? வெளையாடறீங்களா? அப்படி ஆரு ஊட்டுல என்ன தல போற வேல?"

"ஒரு அம்மா தண்ணியில எறங்கணும் சார்."

"என்னது, குளிக்கறதுக்கா?"

"ஆமா சார், குளிக்கத்தான்" என்று சொல்லி போனை அணைத்துப் பையில் போட்டேன். பயமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அந்த கம்பெனியை நம்பி நம் ஆபீஸில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் முள் அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. முப்பதில் நன்றாகத் தெரிந்தது. நாற்பதில் நெருப்பு மஞ்சளாகி, திக்கித் திணறி, ஹீட்டர் தானாக அணைந்தது. பத்தொன்பது நாளாக அவர்கள் தினமும் பார்த்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அப்போது சுனிதா வந்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண், மரகதம் அம்மாவைக் கவனித்துக்கொள்பவள். "அண்ணா, கொஞ்சம் தள்ளு" என்று என்னை நகர்த்திவிட்டு, முதல் சிலிண்டரின் ஜிப்பைத் திறந்து ஸ்வெட்டரைக் கழற்றி முறுக்கிப் பிழிந்தாள். தரையில் தண்ணீர் ஊற்றியது.

"இது ஏம்மா இப்படி நனஞ்சிருக்கு? மழை இல்லையே?"

"டெய்லி ஈரம் அண்ணா. டெய்லி நான் காயப் போடும்."

எழுந்துபோய் சிலிண்டரின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது, அத்தனை குளிர். பாதி உயரத்துக்குக் கீழே வெள்ளையாக உறைபனி கட்டியிருந்தது. நான்கிலும் அப்படியே. நம் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும் அந்த வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று. கட்டிங் மாஸ்டர் அளவெடுத்துத் தைத்த துணி அதைக் கழுத்து வரைக்கும் மூடி வைத்திருந்தது.

சென்னியப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னுங்க அண்ணாச்சி?"

சொன்னேன். சிலிண்டருக்குள் இருப்பது தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அது உள்ளே கொதித்துத்தான் கேஸாக வெளியே வரும். கொதிக்கிறதற்குச் சூடு வேண்டுமே, அதை வெளியே இருக்கும் காற்றிலிருந்துதான் இரும்பு வழியாக இழுத்துக்கொள்ளும். நம் உடம்பில் சூடு இருக்கிறது, அது வெளியே போகாமல் இருக்க நாம் ஸ்வெட்டர் போடுகிறோம். சிலிண்டருக்கு உள்ளே சூடு கிடையாது. அதற்கு ஸ்வெட்டர் போட்டால் வெளிச்சூடு உள்ளே போகாது. எரிய எரிய அது தனக்குத்தானே உறைந்துபோகும். கழற்றிக் காயப்போட்ட மதிய நேரத்தில் நான் வந்து பார்த்தேன், அதனால் எனக்கு நன்றாக எரிந்தது.

அவர் அப்படியே குந்திவிட்டார். கையில் அந்த ஈர ஸ்வெட்டர். "அப்ப நாந்தே கெடுத்துப்போட்டனுங்களா?" என்றார். "பத்தொம்போது நாளு... நானே கொண்டாந்து மாட்டி, ஜிப்பு வேற இழுத்துவிட்டனுங்களே..."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூச்சு விடும் நேரம் நான் பேசாமல் இருந்தேன். ஆமாங்க என்று சொன்னால் போதும். ஷீட்டில் எழுதினால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை: வாடிக்கையாளர் துணி போர்த்தியதால் அழுத்தக் குறைவு. சுத்தமான வாக்கியம், பொய்யும் இல்லை. அந்த மனிதர் அதைச் சாகும் வரைக்கும் சுமந்திருப்பார்.

"நீங்க இல்லங்க. நான்தான்" என்றேன். "குளிர்ந்தா பிரஷர் எறங்கும்னு பாதியச் சொன்னேன். என்ன செய்யணும்ங்கிற மீதியச் சொல்லாம ஓடிட்டேன். கொடியில இது காயுறத நாலு தடவ பாத்தேன். ஏன் காயுதுன்னு கேக்கல. அம்மா, தப்பு என்னோடது."

மரகதம் அம்மா "இப்ப எரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எரிந்தது. ஸ்வெட்டரையெல்லாம் கழற்றிப் போட்டு, ஷெட்டின் பக்கவாட்டுத் தகட்டைப் பிரித்துவிட்டு, இன்னும் இரண்டு சிலிண்டர் வரவழைத்துச் சேர்த்தேன். மதியம் பன்னிரண்டுக்குத் தண்ணீர் பதமாக இருந்தது. உடற்பயிற்சி டாக்டரும் சுனிதாவும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் மரகதம் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வாய்க்குள் எண்ணுவது தெரிந்தது. ஒரு கோடிக்குப் போனார், திரும்பினார். மூன்றாவது நடையில் முழங்கால் மடங்கியது. பிடித்துக்கொண்டார்கள். பதினான்கு நடை ஒற்றையாக நடந்தவர், இரண்டு பேர் பிடித்து மூன்று.

"பரவால்லீங்க. தண்ணி நல்லா இருக்குது" என்றார் என்னைப் பார்த்து. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தடவையாவது, 'ஏனுங்க, முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?' என்று கேட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன். கேட்கவில்லை.

காங்கயம் ரோட்டு கம்பெனியைப் பற்றிக் கேட்பீர்கள். ஊத்துக்குளியிலிருந்து ஒருவர் போய்ச் சரிசெய்தார். கன்டெய்னர் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அந்த மேனேஜர் அதற்கப்புறம் வேறு ஆட்களைப் பார்த்துக்கொண்டார். ஆபீஸில் எனக்கு நல்ல வசவு விழுந்தது. அந்தச் சட்டைகள் எந்த நாட்டுக்குப் போயின என்றுகூட எனக்கு இப்போது ஞாபகமில்லை.

அந்த ரிப்பேர் முடிந்த பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கேஜ் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் எண்ணத்தான் போனேன். ஒரு வாரம் ஐந்து நடை வந்தது. தை மாதத்தில் ஒரு நாள் எட்டு வந்தது. சுனிதா கை தட்டினாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் ஆறுதான், வந்துவிடும் என்று வீடு வரைக்கும் வண்டியில் எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன். அடுத்த வாரம் ஆறு. பிறகு நான்கு. போன பலம் திரும்பாது என்று டாக்டர்கள் சொன்னது எனக்கும் தெரியும்தான். தெரிந்தும் ஏங்கினேன். என் பிள்ளைகளுக்காகக்கூட நான் இப்படி ஒரு எண்ணிக்கைக்கு ஏங்கியதில்லை.

இன்றைக்கும் ஏக்கம்தான். பத்தொன்பது நாட்கள். எத்தனையோ பத்தொன்பது நாட்களை நான் ஷிப்மெண்டுக்கென்று ஓடியே தீர்த்திருக்கிறேன், அதில் எதுவும் எனக்குத் திரும்ப வேண்டாம். அந்தக் கார்த்திகைக் கடைசி முதல் மார்கழி நடு வரைக்கும் உள்ள நாட்களை மட்டும் யாராவது திருப்பிக் கொடுத்தால், ஒவ்வொரு நாளும் விடியற்காலையிலேயே போய் அந்த ஷெட்டில் உட்கார்ந்திருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது சின்ன விஷயங்கள்தான். கோளாறு வருகிற நேரத்துக்குப் போங்கள், உங்களுக்குத் தோதான நேரத்துக்குப் போகாதீர்கள். அணைகிற வரைக்கும் உட்காருங்கள். கையை வைத்துப் பாருங்கள். ஆரம்பித்த வாக்கியத்தை முடித்துவிட்டு வண்டியை எடுங்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள், எதற்காக அந்த நெருப்பு அவர்களுக்கு வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது மட்டும் போதாது, அது மனசில் இறங்க வேண்டும்; எனக்குக் கேட்காமலேயே சொன்னார்கள்.

அடுத்த ஐப்பசியில் சென்னியப்பன் கூப்பிட்டார். "ஹீட்டர நிறுத்திப்போடலாங்க அண்ணாச்சி" என்றார். இனி தண்ணீரில் இறக்கக் கூடாது, மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். லைனைக் கழற்றுவதற்கு வேறு யாரையும் அனுப்பாமல் நானே போனேன். மரகதம் அம்மா குளத்தோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். கையும் அப்போது போய்விட்டிருந்தது. பேச்சு சென்னியப்பனுக்கும் சுனிதாவுக்கும்தான் முழுசாகப் புரியும். நான் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு எழுந்தபோது ஏதோ கேட்டார்.

"தண்ணி ஆறறதுக்கு எத்தன நாளாகும்னு கேக்கறாளுங்க" என்றார் சென்னியப்பன்.

"தெறந்து கெடந்தா நாளைக்கே ஆறிரும்மா. மூடி போட்டு வெச்சா மூணு நாள் தாங்கும்."

அவர் மறுபடியும் ஏதோ சொன்னார். இந்தத் தடவை எனக்கே புரிந்தது. "மூடி போட்டு வைங்க."

குளத்தின் நீலத் தார்ப்பாயை நானும் சுனிதாவுமாக இழுத்து மூடினோம். ஓரங்களில் காற்றுப் போகாமல் செங்கல் வைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போனேன். தார்ப்பாயின் ஒரு மூலையை மடித்துவிட்டு, சென்னியப்பன் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலியில் மரகதம் அம்மா. என்னைப் பார்த்ததும் கண்ணால் தண்ணீரைக் காட்டி, "சூடு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நான் குனிந்து முழங்கை வரைக்கும் கையை விட்டேன். தண்ணீர் சில்லென்று ஆறிப்போயிருந்தது.

"இருக்கும்மா" என்றேன்.

அவர் தன் வீட்டுக்காரர் பக்கம் கண்ணைத் திருப்பினார். அந்தக் குளிருக்குள் எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாரோ, சென்னியப்பனின் கால் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. காலை வெளியே எடுக்காமலே அவர் சொன்னார்.

"ஆமா கண்ணு. வெதுவெதுன்னுதே இருக்குது."